கேமராவுக்கு நான் இழுத்த வயர்

பர்மா சாலையில் என் காரை இடித்த ஆள் இறங்கி வந்ததும் முதலில் தன் கார்க் கதவைத்தான் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "நீதான் என் லேனுக்குள் வந்தாய்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கத்தில் வந்தவர் சிக்னல்கூடப் போடாமல் திடீரென்று என் பக்கம் திருப்பிவிட்டார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் பின்சீட்டில் பயணியாக இருந்த மருத்துவமனைத் தாதிக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "அக்கா, மன்னிச்சிடுங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டே இறங்கி, பத்தடி தள்ளிப் போய் வேறு கார் பிடித்துப் போய்விட்டாள். பயணம் முடிந்துவிட்டால் பயணியின் நம்பர் நான் ஓட்டுகிற வாடகைக் கார் ஆப்பில் மறைந்துவிடும். எனக்கு இருந்த ஒரே சாட்சி அப்படிப் போனது.

இன்னொரு சாட்சி இருந்திருக்க வேண்டும். என் முன் கண்ணாடியில் ஒரு சின்ன கேமரா ஒட்டியிருந்தது. அதற்கு மின்சாரம் சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்துதான் வரும். என் காரில் அந்தத் துளை ஒன்றே ஒன்று. ஏறி உட்கார்ந்ததுமே அந்தத் தாதி, "அக்கா, போன் செத்துப் போச்சு, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா?" என்று கேட்டாள். பாவம் என்று கேமராவின் பிளக்கைப் பிடுங்கி அவள் போனைச் செருகினேன். கேமரா கண்ணை மூடிக்கொண்டது. ஏழு நிமிஷம் கழித்து இடி.

போலீஸ் நிலையத்தில் அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மலாயில், "கேமரா இருக்கிறதே அக்கா, வீடியோ எங்கே?" என்று கேட்டார். பிளக் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டது. இடித்தவர் மோதல் நடந்தவுடன் எடுத்த நான்கு படங்களை வரிசையாகக் காட்டினார். இரண்டு கார்களும் நின்றிருந்த கோணத்தைப் பார்த்தால் நான்தான் நுழைந்தது போலத் தெரியும். அபராதச் சம்மன் என் பெயரில் வந்தது.

கட்ட மாட்டேன் என்றேன். வீட்டுக்காரர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். ரோட்டில் நடக்கிற அநியாயத்தையெல்லாம் மழை மாதிரி பார்க்கிற ஆள். "விட்டுத் தொலை லா, கட்டிட்டு வேலையப் பாரு" என்றார். நான் கோர்ட்டுக்குப் போனேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதற்கு ஒரு தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதியில் இடித்தவர் சட்டை மடிப்பு கலையாமல் வந்து அதே நான்கு படங்களைக் காட்டினார். என்னிடம் என் வாய் மட்டும்தான் இருந்தது. நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு எனக்கு எதிராகச் சொன்னார். அபராதம் கட்டினேன். ஆனால் தப்பு என்னுடையது என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லப் போவதும் இல்லை.

கோர்ட்டுப் படியில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இனி அந்தக் கேமரா என் தயவிலோ, பயணியின் போன் பேட்டரியின் தயவிலோ இருக்கக் கூடாது. சாவி திரும்பினால் அது விழிக்க வேண்டும், சாவியை எடுத்தால் தூங்க வேண்டும். நடுவில் யாரும் பிடுங்க ஒரு பிளக் இருக்கக் கூடாது. காருக்குள்ளேயே மறைவாக வயர் இழுத்து, நேராக ஃபியூஸ் பெட்டியில் சேர்த்துவிட வேண்டும்.

ஆயர் ஈத்தாம் ரோட்டில் கார் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரர் நம்ம ஆள்தான், முப்பத்தைந்து வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"அண்ணன் வரலியாக்கா?"

"எந்த அண்ணன்?"

"இல்லக்கா, இது டேஷ்போர்டு மூடியெல்லாம் கழட்டுற வேலை. பேட்டரி சம்பந்தப்பட்டது. வீட்டுல அண்ணன ஒரு தடவ வரச் சொல்லுங்க, அவர்கிட்ட வெளக்கமா சொல்லிடறேன்."

"காடி என் பேர்ல இருக்கு தம்பி. ஓட்டுறது நான். சம்மன் வந்தது எனக்கு. அண்ணனுக்கு என்ன வெளக்கம்?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தையைச் சமாளிக்கிற சிரிப்பு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நான் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தேன். அதில் பதினாறு வருஷம் சோதனைப் பிரிவு. நகம் அளவு சர்க்யூட் போர்டுகள் தட்டில் வரிசையாக வரும். மீட்டரின் இரண்டு ஊசிகளையும் தொட்டுத் தொட்டு எது உயிரோடு இருக்கிறது, எது செத்திருக்கிறது என்று பிரிப்போம். என் வரிசையில் இருந்த பதினோரு பேரும் பெண்கள். எங்கள் கையைத் தாண்டாமல் ஒரு போர்டும் வெளியே போனதில்லை. பிறகு ஒருநாள் கம்பெனி எங்கள் பிரிவையே மூடியது. அப்போது கையில் கிடைத்ததை வைத்து வாங்கியதுதான் இந்த வெள்ளைக் கார். கடைசி நாள் ஆளுக்கொரு சாமானை நினைவுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மற்றவர்கள் குவளை, கடிகாரம் என்று எடுத்தார்கள். நான் மீட்டரைக் கேட்டு வாங்கினேன்.

இதெல்லாம் கடைக்காரரிடம் சொல்லவில்லை. "பன்னெண்டு வோல்ட்ட அஞ்சு வோல்ட்டா குறைக்கிற பெட்டி ஒண்ணு, ஃபியூஸ்ல ஒட்டுக் கிளை எடுக்கிற சாமான் ரெண்டு, சின்ன ஃபியூஸ் நாலு. அதை மட்டும் குடுங்க" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. எடுத்துக் கொடுத்தார். பையில் போடும்போது, "எரிஞ்சு போச்சுன்னா என்கிட்ட வராதீங்கக்கா" என்றார்.

"வர மாட்டேன்" என்றேன்.

நாங்கள் இருப்பது ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை கீழே கார் நிறுத்துமிடத்தில் வேலையை ஆரம்பித்தேன். அங்கேயே கோப்பிக் கடை இருக்கிறது. ஞாயிறு காலை என்றால் பாதி மாடி ஆண்கள் அங்கேதான் பசியாறுவார்கள். நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, ஒரு பழைய பாயை விரித்து, காலை வெளியே நீட்டித் தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் கொடுத்துப் படுத்தேன். கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

மூன்றாம் மாடி அண்ணன்தான் முதலில் வந்தார். "என்னம்மா, காடி ரிப்பேரா? ஒரு குரல் குடுத்தா வந்திருக்க மாட்டேனா?"

"ரிப்பேர் இல்லண்ணே. கேமராவுக்கு வயர் இழுக்கிறேன்."

"நீயா?"

"ஆமாண்ணே. டார்ச்ச மறைக்காதீங்க."

கேமராவிலிருந்து வயரைக் கண்ணாடியின் மேல் விளிம்போடு கொண்டுபோய், ஒரு பிளாஸ்டிக் அட்டையால் கூரைத் துணியைக் கொஞ்சம் விலக்கி உள்ளே தள்ளினேன். பிறகு கண்ணாடி ஓரத் தூண் வழியாகக் கீழே. மூடியை முழுக்கக் கழற்றவே வேண்டியிருக்கவில்லை. கதவு ரப்பரைக் கொஞ்சம் இழுத்தால் வயர் ஒதுங்குகிற அளவுக்கு இடம் இருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டி. அங்கே போனதும் மீட்டரை எடுத்து, சாவியைத் திருப்பி, ஊசியை வைத்தேன். பன்னிரண்டு வோல்ட். அந்த இடத்தில் கிளை எடுத்தேன். கேமரா டிங் என்று விழித்தது. எழுந்து நின்று, யாரையும் பார்க்காத மாதிரி எல்லோரையும் பார்த்தேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு வயதான தம்பதியை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்டிகளோடு அவர்கள் தங்கள் வீட்டு வாசலில் காத்திருக்க, நான் சாவியைத் திருப்பினேன். டக் டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கார் கிளம்பவில்லை. கேமராவின் சின்ன விளக்கு மட்டும் மங்கலாக முனகிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க அது தூங்கவே இல்லை. என் பழைய பேட்டரியைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிவிட்டிருந்தது.

போனில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மா" என்றார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என்ன செய்தேன் என்பது அந்த இருட்டிலேயே புரிந்துவிட்டது. காரில் இரண்டு வகை மின்சாரம் இருக்கிறது. ஒன்று சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் ஓடுவது. கடிகாரத்துக்கும் அபாய விளக்குக்கும் அது வேண்டும். இன்னொன்று சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. கேமராவுக்கு இரண்டாவதுதான் தேவை. நான் சாவியைத் திருப்பி வைத்துத்தான் அளந்தேன். சாவியை எடுத்த பிறகு இன்னொரு முறை அளக்கவில்லை. தொழிற்சாலையில் எங்கள் மேசைக்கு மின்சாரம் நின்றதே கிடையாது. நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கிற பழக்கம் எனக்கு வரவில்லை. பதினாறு வருஷ அனுபவம் இருக்கிறது என்ற திமிரில் அரை நிமிஷ வேலையை விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கீழே வந்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினார். மூன்றாம் மாடி அண்ணன்தான் கேபிள் கொண்டுவந்து தன் காரிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்பிவிட்டார். உதவிக்கு வந்தவர் கூடவே ஒரு வாக்கியமும் கொண்டுவந்திருந்தார். "இதுக்குத்தான் கடையில குடுத்துச் செய்யறது."

வேறொரு இடத்தில், யாரும் பார்க்காத நேரத்தில் செய்துகொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததற்கே என் மேல் கோபம் வந்தது. தப்பை எல்லார் முன்னாலும் செய்தேன். திருத்துவதையும் அங்கேயே செய்வேன். அடுத்த ஞாயிறு அதே இடம், அதே பாய். கோப்பிக் கடையில் கரண்டிச் சத்தம் மறுபடியும் நின்றது.

இந்த முறை மீட்டரோடு ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கார் செத்த நிலையில், ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாகத் தொட்டேன். உயிரோடு இருந்தவற்றைத் தாளில் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கினேன். பிறகு சாவியை முதல் சொடுக்கு வரை மட்டும் திருப்பி, மறுபடியும் அத்தனையும். முன்னால் செத்திருந்து இப்போது உயிர் வந்தவை நான்கு. காரை ஓட்டுவதற்குத் தேவையான எதையும் தொட வேண்டாம் என்று ரேடியோவின் ஃபியூஸைத் தேர்ந்தெடுத்தேன். அதைப் பிடுங்கி, ஒட்டுக் கிளையைச் செருகி, ரேடியோவின் பழைய ஃபியூஸை ஒரு பள்ளத்திலும் கேமராவுக்கான சின்ன ஃபியூஸை இன்னொரு பள்ளத்திலும் வைத்தேன். எர்த் வயரை முதல் முறை பெயின்ட் பூசிய ஆணியில் மாட்டியிருந்தேன். பெயின்டு மேல் மின்சாரம் சரியாக ஓடாது. இப்போது பளபளவென்று வெறும் இரும்பு தெரிகிற போல்ட்டைத் தேடிப் பிடித்து அதில் இறுக்கினேன்.

சாவியைத் திருப்பினேன். டிங். எடுத்தேன். அணைந்தது. திருப்பினேன், எடுத்தேன். ஏழெட்டுத் தடவை.

"என்னம்மா விளையாடுற?" என்றார் அண்ணன்.

"பார்க்கிறேண்ணே. நல்லாப் பார்க்கிறேன்."

திங்கள் காலை கார் முதல் திருப்பலிலேயே கிளம்பியது. அன்றும் வீட்டுக்காரர் ஹெல்மெட்டோடு கீழே நின்றிருந்தார். நான் வேண்டுமென்றே இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனேன்.

அதன் பிறகு ஒன்றரை மாதம் ரோட்டில் என் கழுத்து நிமிர்ந்தே இருந்தது. யாராவது குறுக்கே வந்தால், வா, நன்றாக வா, எல்லாம் பதிவாகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். பர்மா சாலையில் இடித்தவரை மறுபடியும் சந்திக்க வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

சந்தித்தது வேறொருவரை.

கிரீன் லேனில் ஒரு சாயங்காலம். பயணி இல்லை. மேற்கு வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. சந்திப்பில் விளக்கு மஞ்சளுக்கு மாறியதைப் பார்த்தேன். தாண்டிவிடலாம் என்று அழுத்தினேன். இடது பக்கச் சாலையிலிருந்து உணவு கொண்டுபோகிற மோட்டார் ஒன்று வந்தது. என் காரின் முன்மூலை அதன் பின்சக்கரத்தைத் தட்டியது. மோட்டார் சுழன்று விழுந்தது. அதை ஓட்டியவர் காலை அதற்கடியில் விட்டபடி ரோட்டில் கிடந்தார். சோற்றுப் பொட்டலம் ஒன்று உடைந்து குழம்பு தாரில் வழிந்தது.

இறங்கி ஓடினேன். அவர் மலாய்க்காரர், என்னைவிட மூத்தவர், நரைத்த மீசை. உயிருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த அந்த நிமிஷமே என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? எங்கே அடிபட்டது என்று நான் கேட்கவில்லை. மலாயில் கத்தினேன்: "நீங்கதான் சிவப்புல வந்தீங்க! என்கிட்ட கேமரா இருக்கு!"

கூடியிருந்தவர்கள் கண்ணாடியைப் பார்த்தார்கள். கேமராவின் சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது. அவரும் படுத்தபடியே அதைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அவரை ஆம்புலன்ஸ் கொண்டுபோனது. நான் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். வீடியோவை மறுநாள் காலை கொண்டுவருவதாகச் சொன்னேன். சொல்லும்போது கோர்ட்டில் இல்லாத தெம்பு என் குரலில் இருந்தது.

வீட்டுக்கு வந்து கேமராவின் கார்டைக் கணினியில் போட்டேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படம் தெளிவாக இருந்தது. வெயிலில் என் கண் கூசியது, கேமராவுக்குக் கூசவில்லை. விளக்கு மஞ்சளாகிறது. நான் இன்னும் வெள்ளைக் கோட்டுக்கு வெகுதூரம் இருக்கிறேன். விளக்கு சிவப்பாகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். அதன் பிறகுதான் என் கார் கோட்டைத் தாண்டுகிறது.

மறுபடியும் போட்டோம். மறுபடியும் சிவப்பு. நாலாவது முறை நான் கணினியை மூடினேன்.

வீட்டுக்காரர் சொன்னார். "அழிச்சிடு."

நான் கணினியை மறுபடியும் திறந்தேன்.

"இங்க பாரு. போன தடவ நீ ஒரு தப்பும் பண்ணல, தண்டனை வாங்கின. இந்த தடவ அது சரியாப் போச்சுன்னு வச்சுக்க. கேமரா வேலை செய்யலன்னு சொல்லு. ஏற்கனவே ஒரு தடவ அப்படி ஆனதுதானே, நம்புவாங்க."

அவர் கெட்டவர் இல்லை. என் ஓட்டுநர் உரிமத்தை நினைத்துத்தான் சொன்னார். எனக்கும் அந்த இரண்டு நிமிஷம் ஆசை இல்லாமல் போகவில்லை. விரல் அழிக்கிற பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கோர்ட்டில் அந்த நான்கு படங்களை எடுத்துக் காட்டியவரின் மடிப்புக் கலையாத சட்டை கண் முன்னால் வந்தது. அந்தச் சட்டையை நான் போட்டுக்கொள்வதா?

"அவன் மாதிரி ஆகச் சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"அவன் இப்ப நல்லாத்தான் இருக்கான்" என்றார்.

"இருக்கட்டும். நான் குடுக்கப் போறேன்."

"உரிமத்த எடுத்துட்டா?"

"எடுக்கட்டும். பாயான் லெப்பாஸ் பஸ்ஸுல ஏறிப் போய் ஃபேக்டரியில வேலை கேட்பேன். ஆனா நான் போய்ச் சொல்லப் போறது பொய்யா இருக்காது."

அவர் எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டார்.

காலையில் போலீஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது மோட்டாரில் வந்து அடிபட்டவர் ஏற்கனவே அங்கே இருந்தார். கணுக்காலில் எலும்பு முறிந்து மாவுக்கட்டு. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் மருந்துப் பையோடு. என்னைப் பார்த்ததும் அவர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"தங்கச்சி, மன்னிச்சுக்கோ" என்றார் மலாயில். "எனக்கு விளக்கு ஞாபகம் இல்லை. நேத்து நிறைய ஆர்டர். கண் அசந்திருக்கலாம். கேமரா இருக்குன்னு நீ சொன்னே. கேமரா பொய் சொல்லாது. நான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடத்தான் வந்திருக்கேன்."

அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், ராத்திரி முழுக்க இவர் தூங்கவில்லை, இனி மோட்டாரைத் தொட விட மாட்டோம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள் என்று.

அவர் மோதலில் தோற்றுப்போகவில்லை. ரோட்டில் நான் போட்ட ஒரு கூச்சலில் தோற்றிருந்தார். தான் பார்த்ததையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். நான்கு படங்களை வைத்து என்னை ஊமையாக்கினவர் செய்ததும் இதுதானே?

"கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். "முதல்ல இதைப் பாருங்க."

அதிகாரி கார்டைக் கணினியில் போட்டார். திரையை எல்லோரும் பார்க்கும்படி நானே திருப்பி வைத்தேன். மஞ்சள். சிவப்பு. வெள்ளைக் கோடு. மோட்டார். முடிந்ததும் அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்து, "அக்கா, இது உங்களுக்கு எதிரான வீடியோ" என்றார், எனக்குப் புரியவில்லையோ என்று சந்தேகப்படுகிற மாதிரி.

"தெரியும். அதனாலதான் கொண்டுவந்தேன். தப்பு என்னுது."

நரைமீசைக்காரர் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது முறை முடிந்ததும் மனைவியைப் பார்த்து, "நான் தூங்கலை, பார்த்தியா? நான் தூங்கலை" என்றார். அவர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் மனைவி மட்டும் போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

அபராதம் வந்தது. உரிமத்தில் கரும்புள்ளி விழுந்தது, ஆனால் உரிமம் கையிலேயே இருந்தது. ஆப் என் கணக்கை இரண்டு வாரம் நிறுத்தி வைத்தது. அவருடைய மோட்டாரையும் வைத்தியத்தையும் என் காப்புறுதிக் கம்பெனி பார்த்துக்கொண்டது. கட்டு பிரிக்கும் வரை வாரம் ஒரு முறை அவரை மருத்துவமனைக்கு நானே கொண்டுபோய் வந்தேன். முதல் வாரம் பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். இரண்டாவது வாரம், "மஞ்சள் விழுந்தா நிறுத்து" என்று ஒரே ஒரு வார்த்தை. மூன்றாவது வாரம் முன்சீட்டில் உட்கார்ந்தார்.

கோப்பிக் கடையில் கதை பரவியது. தன் கேமராவே தன்னைக் காட்டிக்கொடுத்த பொம்பளை என்று சிரித்தார்கள். மூன்றாம் மாடி அண்ணன் என் முகத்துக்கு நேராகவே, "இவ்வளவு கஷ்டப்பட்டு வயர் இழுத்து என்னத்தக் கண்ட?" என்று கேட்டார். "நடந்ததைக் கண்டேண்ணே" என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்குப் பட்டது. நான் தோற்ற வழக்கை அதே வாயால் இன்றும் பொய் என்று சொல்ல முடிகிறதென்றால், அது இந்த வழக்கில் நான் பொய் சொல்லாததால்தான். வீட்டுக்காரர் அந்த வாரம் முழுக்க அதிகம் பேசவில்லை. எட்டாம் நாள் சாப்பிடும்போது, "என் லோரிக்கும் ஒண்ணு மாட்டணும்னா அந்த இருபத்திநாலு வோல்ட்டுக்கு வேற பெட்டி வேணுமா?" என்று கேட்டார். வேணும் என்றேன்.

கணக்கு திரும்பக் கிடைத்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பட்டர்வொர்த் ரயில் நிலையத்துக்குப் போக ஒருவர் ஏறினார். டை கட்டிய ஆள், கையில் மடிக்கணினி. எங்கள் தீவையும் பட்டர்வொர்த்தையும் சேர்க்கிற கடல் பாலத்தில் நெரிசல். கார்கள் நகரவே இல்லை. இடது ஓரத்தில் அவசரப் பாதை மட்டும் காலியாக, கண்ணுக்கு எட்டிய வரை நீண்டு கிடந்தது.

"அந்தப் பக்கமா போங்க, என் ரயிலு போயிடும்" என்றார்.

"அது ஆம்புலன்ஸ் போற வழி சார்."

"எல்லாரும்தான் போறாங்க. ஓ, கேமராவா? அதுக்கா பயப்படறீங்க? பிளக்கப் பிடுங்கிடுங்களேன்."

"பிளக் இல்ல சார். வயர் உள்ளுக்குள்ள போகுது. காடி ஓடுற வரைக்கும் அதுவும் ஓடும்."

"அப்ப அந்த வயர வெட்டி விடுங்க" என்றார் எரிச்சலாக.

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். "வயர் இல்லாட்டியும் அந்தப் பக்கம் போக மாட்டேன் சார். உங்களுக்கு அவசரம்னா அடுத்த தடவ அரைமணி நேரம் முன்னாடி கிளம்புங்க."

ரயில் நிலையத்தில் அவர் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு ஓடினார். நான் காரைத் திருப்புவதற்குள் போன் ஒலித்தது. ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். அடுத்த பயணி பாகான் டாலாமில் காத்திருந்தார். ரேடியோவைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.